ஒலிப்பெட்டியின் சாவி யார் கையில்?

சில மாதங்களுக்கு முன் நடவுப் பாட்டுப் பாடும் ஒரு தாயை நமது காரியாலயத்துக்கு அழைத்திருந்தோம். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் பாடுகிற பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் நெஞ்சில்தான் இருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது நமது ஆசை. அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். மூன்று மணி நேரம் பாடினார்.

இரவு பதிவைப் போட்டுக் கேட்டோம். அடிக்கு அடி 'படக், படக்' என்று வெடிப்பு. நடுவில் குரல் அறுந்து அறுந்து போகிறது. ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

"லினக்ஸ், லினக்ஸ் என்றீர்களே, பார்த்தீர்களா கதியை!" என்றார் ஒரு நண்பர். "காசு கொடுக்காமல் வாங்கிய சரக்கு வேறு எப்படி இருக்கும்?" என்றார் இன்னொருவர். இந்தப் பேச்சு நியாயமா? கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விஷயத்தை ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவதாக, நாம் ஏன் லினக்ஸுக்குப் போனோம்? விருப்பத்தால் மட்டும் போகவில்லை, அவசியம் தள்ளியது. நமது கம்ப்யூட்டர் பழையது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த விண்டோஸை நமது யந்திரம் ஏற்காது. ஓடுகிற வண்டியைக் கம்பெனி 'கிழடு' என்று முத்திரை குத்திவிட்டது. புது வண்டி வாங்கு என்கிறது. ஒலிப்பதிவுப் புரோகிராம்களிலோ பலவற்றுக்கு இன்று மாதச் சந்தா. இந்த மாதம் கட்டத் தவறினால் அடுத்த மாதம் கதவு சாத்தப்படும். போன வருஷம் நாம் பதிந்த பாட்டைத் திருத்த வேண்டுமானாலும் வாடகை கட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். நமது பாட்டு, நமது உழைப்பு, சாவி மட்டும் அவர்கள் கையில்!

லினக்ஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே வந்த லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் புரோகிராமைத் திருத்திவிடலாம் என்று அவர் கருதினார். மூலநிரலைக் கேட்டார். தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரிங் பிரேமில் பழுது. பிட்டருக்கு வேலை தெரியும். ஆனால் மூடியைத் திறக்க அனுமதி இல்லை என்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான். 1983-ல் அவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து இன்று நாம் பயன்படுத்தும் லினக்ஸ் ஆயிற்று. இதன் லைசென்ஸ் என்ன சொல்கிறது? யாரும் ஓட்டலாம், யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், அவர்களுக்கும் அதே உரிமையைக் கொடுத்தாக வேண்டும்.

சரி, ஒலி விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்குள் ஒலி எப்படிப் போகிறது? மைக்கில் வரும் குரலை ஒலிப்பெட்டி, அதாவது ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு செகண்டுக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக மாற்றுகிறது. இந்த எண்களை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. சாலில் மொண்டு இறைப்பதுபோல், கூட்டம் கூட்டமாக அனுப்புகிறது. இந்தச் சாலுக்குத்தான் பஃபர் என்று பெயர்.

கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். சின்னச் சால் என்றால் தண்ணீர் சீக்கிரம் மேலே வந்துவிடும். ஆனால் ஓயாமல் இறைக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் வாய்க்கால் வறண்டு போகும். பெரிய சால் என்றால் நிதானமாக இறைக்கலாம். ஆனால் முதல் தண்ணீர் மடைக்கு வரத் தாமதமாகும். 64 எண் கொண்ட பஃபர் என்றால் ஒரு செகண்டை ஆயிரம் பங்காக்கி அதில் ஒன்றேகால் பங்கு சொச்ச நேரத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் வந்து இறைத்தாக வேண்டும். 1024 என்றால் சுமார் 21 பங்கு நேரம் கிடைக்கும். கம்ப்யூட்டர் குறித்த நேரத்தில் வராமல் போனால் வாய்க்கால் வறண்ட அந்தக் கணம்தான் நமது காதில் 'படக்' என்று விழுகிறது.

அன்று நாம் என்ன செய்திருந்தோம்? 'தாமதமே கூடாது' என்று பெருமையாக 64-ல் வைத்திருந்தோம்! அது மட்டுமா? ஒலி வேலைக்கு முன்னுரிமை வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்லை. ஸ்பின்னிங்கில் நூல் அறுந்ததைப் பிணைக்க வேண்டிய தொழிலாளியை மேஸ்திரி வேறு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. பல லினக்ஸ்களில் பயன்படுத்துகிறவரின் பெயரை 'ஆடியோ' என்ற குழுவில் சேர்த்து, ஒலி வேலைக்கு முன்னுரிமை அனுமதி கொடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. நாம் செய்யவில்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. பாட்டைப் பதிவு செய்வதற்குச் சின்னப் பஃபரே தேவையில்லை. பாடுகிறவர் தம் குரலைத் தாமதமில்லாமல் கேட்க வேண்டும் என்றால், அநேக ஒலிப்பெட்டிகளின் முகப்பிலேயே அதற்கு ஒரு திருகோ பொத்தானோ இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல், மைக்கிலிருந்து நேராகக் காதுக்கு வந்துவிடும். பஃபரை 1024-ல் வைத்துவிட்டு அந்தத் திருகைத் திருப்பினால் போதும். கம்ப்யூட்டருக்குள்ளேயே வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குத்தான் சின்னச் சால் வேண்டும். அவர்களுக்கும் 128 அல்லது 256 பெரும்பாலும் போதும். 256 என்றால் ஒரு சாலுக்கு ஐந்து பங்கு நேரம். அதற்குள் ஒலி காற்றில் இரண்டு மீட்டருக்குக் குறைவான தூரமே போகும். பக்கத்து ஆள் அடிக்கும் பறை நம் காதுக்கு வருவதே அவ்வளவு தாமதமாகத்தான்.

ஆகவே அன்றைய குற்றம் லினக்ஸினுடையது அல்ல, நம்முடையது. கற்றுக்கொள்ளாமல் கருவியைத் தொட்டோம். அதற்கு ஒரு ஏழைத் தாயின் ஒரு நாள் கூலி பலியாயிற்று. இதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கம்தான். ஆனாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் லினக்ஸில் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒலிப்பெட்டி செய்கிற கம்பெனிகளில் பல, விண்டோஸுக்கும் ஆப்பிளுக்கும் மட்டும் டிரைவர் எழுதிக் கொடுக்கின்றன. லினக்ஸுக்கு எழுதுவதில்லை. எழுதாமல் போகட்டும். எழுத முன்வருகிறவர்களுக்குப் பெட்டியின் விவரக் குறிப்பையாவது கொடுக்கலாமல்லவா? அதையும் பலர் கொடுப்பதில்லை. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவர், அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத் திருடனைப் போல ஒளிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது!

ஃபோகஸ்ரைட் கம்பெனியின் ஸ்கார்லெட் பெட்டிகளைப் பாருங்கள். யு.எஸ்.பி. பொது விதிப்படி செய்தவை ஆகையால் லினக்ஸில் ஒலி உள்ளே போகும், வெளியே வரும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கலவைப் பகுதியைத் திருப்ப, கம்பெனியின் புரோகிராம் வேண்டும். அது லினக்ஸில் ஓடாது. ஜெஃப்ரி பென்னெட் என்பவர், பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடும் செய்திகளைக் கவனித்துக் கவனித்து, அந்த மொழியைக் கண்டுபிடித்து நிரல் எழுதினார். 2019-ல் அது லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது. பிறகு கம்பெனியும் அவருடைய வேலைக்கு ஒத்துழைத்தது. ஜனங்கள் விடாமல் உழைத்தால் மூடிய கதவும் திறக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இப்படித்தான் ஒவ்வொரு படியும் கட்டப்பட்டது. 1998-ல் யாரோஸ்லாவ் கிசெலா என்ற செக் நாட்டவர் ஒரு ஒலி அட்டைக்காகத் தொடங்கிய வேலை, அல்ஸா என்ற பெயரில் வளர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் ஒலி அடித்தளம் ஆயிற்று. பால் டேவிஸ் என்பவர் ஆர்டர் என்ற ஒலிப்பதிவுப் புரோகிராமையும், புரோகிராம்களை ஒன்றோடொன்று கம்பி கட்டுவதுபோல் இணைக்கும் ஜாக் என்பதையும் உருவாக்கினார். வீட்டு உபயோகத்துக்குப் பல்ஸ்ஆடியோ, தொழில் உபயோகத்துக்கு ஜாக் என்று இரண்டு வழி இருந்த காலத்தில், இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பயன்படுத்துகிறவரைப் பாடாய்ப் படுத்தின. விம் டேமன்ஸ் என்பவர் பைப்வயர் என்பதை எழுதி இரண்டு வழியையும் ஒன்றாக்கினார். 2021-ல் வந்த ஃபெடோரா 34-ல் அதுவே இயல்பான ஒலி வழியாயிற்று. 2023-ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. குறித்த கணத்தில் குறித்த வேலையை முடிக்கும் நிகழ்நேர ஏற்பாடு, சுமார் 20 வருஷம் தனியே வளர்ந்து, 2024-ல் 6.12 பதிப்பில் லினக்ஸ் கருவோடு முழுமையாகச் சேர்ந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன் பட்ட பாடு இன்று பாதி இல்லை.

இதையெல்லாம் செய்தவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. அது பொய். லினக்ஸ் கருவில் வேலை செய்கிறவர்களில் மிகப் பலர் பெரிய கம்பெனிகளின் சம்பளக்காரர்கள். பைப்வயரும் ரெட் ஹாட் கம்பெனியின் சம்பளத்தில் எழுதப்பட்டதுதான். கம்பெனிகள் தங்கள் லாபத்துக்காகத்தான் சம்பளம் கொடுக்கின்றன. ஆனால் வெளியிட்ட வேலையைத் திரும்ப எடுத்துப் பூட்டிவிட லைசென்ஸ் இடம் கொடுப்பதில்லை. அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது.

'இலவசம்' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ஆர்டரின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் தயாராகக் கட்டிய புரோகிராமை அதை எழுதுகிறவர்களிடமிருந்து வாங்கும்போது ஒரு தொகை கேட்கிறார்கள். இதில் என்ன தவறு? உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா? கூலி கொடுப்பது வேறு, வாடகைக்கு அடிமையாவது வேறு.

லினக்ஸில் ஒலிப்பதிவு செய்ய விரும்பும் நண்பர்களுக்கு, அடிபட்டு அறிந்த நாம் சொல்வது இதுதான்:

பெட்டியை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். 'தனி டிரைவர் இல்லாமல், யு.எஸ்.பி. பொது விதிப்படி ஓடுமா?' என்று கடைக்காரரைக் கேளுங்கள். டிரைவர் போடாமல் ஐபேடில் ஓடுகிற பெட்டி, பெரும்பாலும் லினக்ஸிலும் ஓடும். கடைக்காரர் விழித்தால், அதே பெட்டியை லினக்ஸில் ஓட்டுகிற ஒருவரைக் கண்டுபிடித்து விசாரித்துவிட்டு வாங்குங்கள். பெட்டியின் உள் புரோகிராமைப் புதுப்பிக்கப் பல சமயம் விண்டோஸ் தேவைப்படும். அந்த ஒரு நாளைக்கு நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்குங்கள்.

பதிவுக்கு 48,000 அளவும் 1024 பஃபரும் வையுங்கள். முன்னுரிமை அனுமதியைக் கொடுங்கள். பாடுகிறவரை அழைப்பதற்கு முதல் நாளே நீங்கள் அரை மணி நேரம் பேசிப் பதிந்து, முழுவதையும் கேட்டுப் பாருங்கள்.

விண்டோஸுக்காகச் செய்த பல ஒலிக் கருவிப் புரோகிராம்களை வைன், யாபிரிட்ஜ் இவற்றின் உதவியால் லினக்ஸில் ஓட்டலாம். கள்ளப் பிரதிக்குப் பூட்டுப் போட்டவற்றில் சில ஓடவே ஓடாது. பிழைப்பே அவற்றை நம்பி இருக்கிற ஸ்டூடியோக்காரரிடம் 'நாளைக்கே மாறு' என்று நாம் சொல்ல மாட்டோம். விலைக்குக் கிடைக்கும் ரீப்பர், பிட்விக் போன்றவையும் லினக்ஸுக்கென்றே வருகின்றன. கலைக்குழு, பள்ளிக்கூடம், சங்கம், கிராமத்துப் பாட்டுக்காரர் ஆகியோருக்கு லினக்ஸும் ஆர்டரும் தாராளமாகப் போதும்.

கடைசியாக ஒன்று. நமது ஊர் ஏரி பொது. பொது என்பதற்காக யாரும் கரையைத் தொடவில்லை என்றால் என்ன ஆகும்? தூர்ந்து போகும். குடிமராமத்து என்று நம் முன்னோர் வைத்தது அதற்காகத்தான். லினக்ஸும் அப்படியே. எல்லோரும் நிரல் எழுத முடியாது; பத்தாவதோடு படிப்பை முடித்த நமக்கும் அது வராது. ஆனால் பழுது கண்டால் எழுதித் தெரிவிக்கலாம். எந்தப் பெட்டி ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தமிழில் எழுதி வைக்கலாம். முடிந்தபோது ஒரு தொகை அனுப்பலாம். விவரக் குறிப்பை மறைக்கும் கம்பெனியின் பெட்டியை வாங்க மறுக்கலாம். ஒருவர் மறுத்தால் கம்பெனிக்கு உறைக்காது. ஆயிரம் பேர் மறுத்தால் உறைக்கும்.

சென்ற மாதம் நாமே அந்தத் தாயின் ஊருக்குப் போனோம். அவருடைய கூலி கெடாமல் இருக்க இரவில் போனோம். அதே பழைய கம்ப்யூட்டர், அதே பெட்டி, அதே லினக்ஸ். பத்தொன்பது பாட்டுகள் பாடினார். பதிவை அங்கேயே போட்டுக் காட்டினோம். ஒரு வெடிப்பு இல்லை. கேட்டுவிட்டு, "இரண்டு அடியை மாற்றிப் பாடிவிட்டேன், மறுபடி போடு" என்றார்.

மறுபடி பதிந்தோம். இனி அந்தப் பாட்டுகளைக் கேட்க நாம் யாருக்கும் வாடகை கட்ட வேண்டியதில்லை.