கழற்றும் முன் கண்டுபிடி!



ஆண்டு மலர் என்றால் அன்னையைப் பற்றிக் கவிதை இருக்கும், காதலைப் பற்றிக் கட்டாயம் இருக்கும். நான் எழுத வந்திருப்பது சைக்கிளின் பின் கியரைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஊரிலிருந்து கல்லூரிக்கு 11 கிலோமீட்டர். காலை பஸ்ஸை நம்ப முடியாது என்று போன வருஷம் ஒரு பழைய மவுண்டன் பைக் வாங்கித் தந்தார். முன்னால் 3, பின்னால் 7, ஆக 21 கியர். ஒரு மழை நாளில் வலப்பக்கமாக விழுந்தேன். எனக்குச் சிராய்ப்புதான். ஆனால் மறுநாளிலிருந்து பின் கியர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒன்றைப் போட்டால் பாதியில் நின்று கடகடவென்று சத்தம். பெரிய பல்சக்கரத்துக்குப் போனால் டீரெய்லர் போக்ஸ் கம்பியில் உரசியது.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "டீரெய்லர், செயின், ப்ரீவீல் மூணையும் மாத்திடு தம்பி, 2,800 ஆகும்" என்றார்கள். அப்பாவுக்கு அது நாலு நாள் கூலி.

நாமதான் டிப்ளமோ மெக்கானிக்கல் ஆச்சே என்று நானே இறங்கினேன். டீரெய்லரில் எச், எல் என்று போட்டிருந்த இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு சாயங்காலம் முழுக்கத் திருகினேன். முன்னைவிட மோசம்! பிறகுதான் புரிந்தது, அவை கியரை டியூன் செய்ய வைத்தவை அல்ல. செயின் கடைசிப் பல்லைத் தாண்டி வெளியே விழாமலும், போக்ஸுக்குள் போகாமலும் தடுக்கிற வேலி, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் 5 பல்சக்கரங்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

எங்கள் தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மாமா ஐந்தாவது வரை படித்தவர். சைக்கிளுக்குப் பின்னால் குத்தவைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "மாப்ள, கியர் தொங்குற காது உள்பக்கம் சாஞ்சிருக்குடா. இதை விட்டுட்டு நீ எதைத் திருகினாலும் நிக்காது" என்றார். காது என்று அவர் சொன்னது ஹேங்கரை.

"எவ்வளவு மாமா சாஞ்சிருக்கு?"

"கண்ணுக்குத் தெரியுது. அளக்க எனக்கு எங்கடா தெரியும்?"

அங்கேதான் என் படிப்பு உதவிக்கு வந்தது. ஹேங்கரின் மரையை அளந்தேன். 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. நண்பனின் கியர் சைக்கிள் பின்சக்கர அச்சிலும் அதே மரை! டீரெய்லரைக் கழற்றி, நடுக்கம்பியை உருவிய அந்த அச்சை ஹேங்கரில் திருகினோம். இப்போது இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில். ரிம்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்தால் மேலே அகலம், கீழே நெருக்கம். வித்தியாசம் 14 மி.மீ. அளந்து சொல்வது நான், அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல நிமிர்த்துவது மாமா. இரும்பு என்பதால் வளைந்து கொடுத்தது. அலுமினியமாக இருந்தால் வெடித்துவிடலாம், ஜாக்கிரதை.

அடுத்து கியர் ஒயர். க்ளிக் கியர் முறையை ஷிமானோ நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. என் 7 கியரில் பல்சக்கரங்களுக்கு இடையே 5 மி.மீ. ஒரு க்ளிக்குக்கு ஒயர் 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இழுபடும், டீரெய்லர் அதைப் போல 1.7 மடங்கு நகரும். பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஒயர் 1 மி.மீ. தளர்ந்தாலே மூன்றில் ஒரு பங்கு வழி தவறிவிடும்.

ஆகவே, பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் ஒயர் தளர்ச்சி. பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே திருகணும். சின்னப் பல்லுக்கு இறங்க மறுத்தால் இழுவை அதிகம், இல்லாவிட்டால் உறைக்குள் துரு. அழுத்தி மிதிக்கும்போது மட்டும் நழுவினால் தேய்மானம். 12 அங்குலம் இருக்க வேண்டிய செயின் நீளம் 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றணும், 1/8 கூடினால் பல்லும் போயிருக்கும். என் செயின் 12 அங்குலத்திலேயே நின்றது. 2,800 ரூபாய் வேலைக்குச் செலவு இரண்டு டீ.

நண்பர்களே, ஐந்தாவது படித்தவர் ஒரு நிமிஷத்தில் கண்டதை, மூன்றாம் வருஷம் படிக்கிற நான் ஏன் காணவில்லை? லேபில் நாம் என்ன செய்கிறோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறோம். ஓடுகிற மெஷினில் அளவு எடுக்கத் தெரியும். நின்றுபோன மெஷின் முன்னால் நின்றால் கை நடுங்குகிறது. நாளைக்குக் கம்பெனியில் நாமும் அந்தக் கடைக்காரர் மாதிரி "மூணையும் மாத்திடு" என்றுதான் சொல்லப்போகிறோமா?

அன்று இரவு என் கையைப் பார்த்த அப்பா, "கையில மை ஒட்டணும்னுதான்டா படிக்க வச்சேன். கிரீஸ் ஒட்டிக்கிட்டு வர்றியே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பேசாமல் ரிம் அளவு எழுதிய தாளைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் இல்லை.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு மேஜை கேட்டு வாங்குங்கள். பழுதான நம் சைக்கிள்களை அங்கே கொண்டுவருவோம். குறை எங்கே என்று தாளில் எழுதாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது என்று சட்டம் வைப்போம். சொல்லிக் கொடுக்க எங்கள் மாமா வரத் தயார். டீ மட்டும் நாம் வாங்கிக் கொடுக்கணும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்