நமது பாத்திக்குப் போதனாசிரியர் யார்?

எமது தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா, லயத்துக்குப் பின்னால் ஐந்தாறு பாத்தியில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். தோட்டை அடகு வைத்து வாங்கிய விதை. மலையில் வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை மண்வெட்டி பிடிப்பார். ஒரு வாரம் விடாமல் மூடுபனி. இலைகள் ஓரத்தில் கறுத்து அழுகத் தொடங்கின. இலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு டவுனில் உள்ள கமநல சேவை நிலையத்துக்குப் போனார். மொழிக்குத் துணையாக நாமும் போனோம்.

அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தோட்டக் காணி தமது பொறுப்பில் இல்லை, தோட்டத் துரையிடம் கேளுங்கள் என்றார். தோட்டக் காரியாலயத்தில் கேட்டால், தேயிலையைப் பற்றி மட்டும்தான் தங்களுக்குத் தெரியும் என்றார்கள். கடைசியில் மருந்துக் கடைக்காரர்தான் போதனாசிரியரானார். இரண்டு போத்தல் பூச்சிநாசினி கொடுத்தார். அந்தப் பாத்தியில் பூச்சியே இருக்கவில்லை. அது ஈரப்பனியில் பரவும் பங்கசு வகை நோய். பூச்சிநாசினியைக் குடம் குடமாக அடித்தாலும் அது போகாது. எட்டு நாளில் பாத்தி முழுதும் படுத்துவிட்டது. அடகுச் சீட்டு இன்னும் அந்த அக்காவின் பெட்டியில் இருக்கிறது.

இதில் அந்த உத்தியோகத்தரை மட்டும் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர் சொன்னதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் விவசாய விரிவாக்கத்தையும் விவசாயக் கல்வியையும் மாகாண சபைகளிடம் கொடுத்தது. கொடுக்கும்போதே சிலவற்றை விலக்கி வைத்தது. மாகாணங்களுக்கு இடைப்பட்ட நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டங்கள் ஒன்று. அரச காணியும் பெருந்தோட்ட விவசாயமும் மற்றவை. 1970களில் அரசுடைமையான தோட்டங்களை 1992இல் கம்பனிகளின் கைக்குக் கொடுத்தபோதும், நிலம் அரசினுடையதாகவே இருந்தது. ஆகவே நாம் இரண்டு விலக்குக்குள்ளும் விழுகிறோம். கம்பனிக்குத் தேவை தேயிலை. மாகாணத்துக்குத் தேவை கிராமம். லயத்துப் பாத்தி இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் எப்போது பெருந்தோட்டப் பயிர்களாயின என்று நாம் கேட்கிறோம். பதில் சொல்ல எவரும் இல்லை.

இந்த எல்லைகளின் வேடிக்கையைப் பார்க்க வேண்டுமானால் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வழியெல்லாம் அதே உருளைக்கிழங்கு, அதே கரட். நடுவில் எங்கோ மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்குகிறது. நோய்க்கு அது தெரியாது. 1946இல் கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலையில் கண்டது, அதே ஆண்டில் கடலைத் தாண்டி இங்கே வந்துவிட்டது. அதன் வித்துகளுக்குக் காற்று போதும், கடவுச்சீட்டு வேண்டியதில்லை. எல்லையில் நிற்பது போதனாசிரியர் மட்டும்தான்.

தேயிலைக்கென்றால் இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் கவனியுங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. அதன் தலைமையகம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. பசறையிலும் ரத்தினபுரியிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. மூன்று மாகாணங்களுக்கும் ஒரே ஆலோசனைச் சுற்றறிக்கை போகிறது. தென்னிந்தியாவிலும் இதுதான் கதை. அங்குள்ள தோட்ட முதலாளிமாரின் சங்கமான உபாசி வால்பாறையில் ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை நடத்துகிறது. தமிழ்நாட்டில் குன்னூர், கூடலூர், கேரளத்தில் மூணாறு, வண்டிப்பெரியாறு, கர்நாடகத்தில் கொப்பா என்று மூன்று மாநிலங்களிலும் அதன் ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் போன நமது உறவினர்கள் கூடலூரில் கொழுந்தெடுப்பது அந்த ஆலோசனைப்படி வளர்ந்த செடியில்தான். முதலாளிமாருக்கு வேண்டுமென்றால் மூன்று மாநிலங்களும் ஒரு மேசைக்கு வந்துவிடுகின்றன.

நமக்கு வேண்டியது அதே ஏற்பாடு, தொழிலாளியின் பாத்திக்கு. அதற்கு ஆட்கள் இல்லை, தமிழ் தெரிந்த போதனாசிரியர்கள் இல்லை என்பார்கள். நாட்டில் இல்லையா, இந்த மாகாணத்தில் இல்லையா? வடக்கிலும் கிழக்கிலும் விவசாயப் போதனாசிரியர்கள் தமிழில்தான் வேலை செய்கிறார்கள். வவுனியாவில் உள்ள விவசாயப் பாடசாலையில் தமிழில் படிக்கலாம். இனக்கலவரங்களுக்குத் தப்பி இங்கிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் லயத்திலேயே கேட்டுப் பாருங்கள். கிளிநொச்சியில் காணி கிடைத்த அண்ணன் இன்று பதிவு பெற்ற விவசாயி. (அங்கும் எல்லோருக்கும் காணி கிடைத்துவிடவில்லை, அது தனிக் கதை.) அவருடைய மிளகாயில் இலை சுருண்டால் போதனாசிரியர் வந்து பார்க்கிறார், தமிழில் சொல்கிறார். இங்கே இருக்கும் தம்பியின் பாத்திக்கு ஒருவரும் வருவதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நடுவில் இருப்பது ஒரு மாகாண எல்லையும் ஒரு காணி உறுதியும்தான்.

வன்னிப் போதனாசிரியருக்கு மலைநாட்டு மண் தெரியாது என்பது நியாயமான மறுப்பு. தெரியாதுதான். கரட்டையும் லீக்ஸையும் சீதாஎலிய ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளவர்களும் வெலிமடைப் பக்கத்துப் போதனாசிரியர்களும் நன்கு அறிவார்கள். அறிந்தவருக்குத் தமிழ் இல்லை, தமிழ் உள்ளவருக்கு இந்தப் பயிர் இல்லை. இருவரையும் ஒரு போகத்துக்கு ஒரே தோட்டத்தில் சேர்த்து வேலை செய்ய வைத்தால் என்ன? மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாண விவசாய அமைச்சுகள் வடக்கோடும் கிழக்கோடும் ஓர் உடன்படிக்கை செய்தால் போதும். அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. தோட்டங்களுக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்கும்தான் முன்பு சட்டம் இடம் கொடுக்கவில்லை. விடாமல் கேட்டோம், 2018இல் சட்டம் திருந்தியது.

இது பாத்தியோடு நிற்கும் விஷயமுமல்ல. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனியே வாங்கும் வெளியார் உற்பத்தி முறையைப் பற்றிக் கம்பனிகள் பேசிவருகின்றன. எந்த உரம், எப்போது கவ்வாத்து, எது நல்ல கொழுந்து என்று அப்போது நமக்குச் சொல்லப்போவது யார்? கொழுந்துக்கு விலை போடுகிறவரே ஆலோசகராகவும் இருந்தால், தராசும் அவரிடம், படிக்கல்லும் அவரிடம். கிராமத்தில் சிறு அளவில் தேயிலை போடுகிறவருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிறுபற்று நில அதிகாரசபை ஒன்று இருக்கிறது. நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று அந்தச் சிறு உரிமையாளர்களின் கையிலிருந்துதான் வருகிறது. அரச ஆலோசகர் ஒருவர் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றதும் அதற்கு ஒரு காரணம் என்பது எமது கருத்து. காணி உரிமையைப் பேசும் மேசையில் ஆலோசனை உரிமையையும் சேர்த்துப் பேசாவிட்டால், செடி நம் பெயரிலும் அதன் தலைவிதி கம்பனி கையிலும் இருக்கும்.

தொழிற்சங்கத்தில் இருக்கும் நாமும் இதில் சுத்தமானவர்கள் அல்ல. பிரட்டு, கிலோக் கணக்கு, நாட்சம்பளம் என்று பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட லயத்துப் பாத்திக்கு நாம் கொடுக்கவில்லை. சம்பளம் போதாத மாதங்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அந்தப் பாத்தி. பாடசாலையில் பகல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அது எமக்குத் தெரிகிறது.

மாகாண அமைச்சுகளுக்கு மகஜர் எழுதத் தொடங்கியிருக்கிறோம். வெறும் கோரிக்கையோடு போனால் கோப்புக்குள் போய்விடும், கணக்கோடு போக வேண்டும். வருகிற மாதாந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரும் தமது பிரிவில் எத்தனை குடும்பம் மரக்கறி போடுகிறது, என்ன பயிர், கடந்த போகத்தில் என்ன நோய் வந்தது, கடையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மருந்துப் போத்தலின் லேபலைக் கிழித்து வைத்திருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பெரும்பாலும் நம்மவர்களால் வாசிக்க முடியாத மொழியில்தான் இருக்கும். மகஜரோடு இணைக்க அதுவும் வேண்டும்.