‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’

உணவு ஒவ்வாமை உடையவர்களைக் குறித்து நம் ஜனங்களிடையே ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. வேர்க்கடலை ஆகாது, முந்திரி ஆகாது, இறால் ஆகாது என்று சொல்லுகிறவர்கள் உள்ளதைப் பெரிதுபடுத்திச் சொல்லுகிறார்கள் என்பதும், வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒருவேளை ஏதேனும் உபத்திரவம் நேரலாமே தவிர, கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பதும், அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டால் நாளடைவில் அந்தக் கோளாறே தீர்ந்துபோகும் என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். படித்தவர், படியாதவர் என்ற பேதம் இதில் இல்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரும் இதையே சொல்லுகிறார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவும் இதையே சொல்லுகிறார். இந்த நம்பிக்கை தவறானது, விபரீதமானது, பெரிய ஆஸ்பத்திரி எதுவும் எட்டாத நடுக்கடலில் பிராணனுக்கே உலை வைக்கக்கூடியது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலைப் பிரத்தியேகமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்வரும் உல்லாசக் கப்பல்களில், பாட்டி முதல் பேரன் வரை ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து புறப்படுவது இன்று தமிழரிடையே சாதாரணமாகிவிட்டது. 2022 ஜூன் மாதம் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் புறப்படலாயிற்று. மறு ஆண்டு அது இலங்கைத் துறைமுகங்களையும் எட்டியது. அந்தக் கப்பல்களில் உணவே பிரதான உல்லாசம். விடிந்தது முதல் நள்ளிரவு வரை ஏதாவதொரு தளத்தில் ஏதாவதொன்று பரிமாறப்பட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் மாதம் ஒரு முறை சந்திக்கும் உறவினர், கப்பலில் மூன்று வேளையும் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார்கள். தாயின் கண்காணிப்பும் உறவினரின் உபசாரமும் இவ்வளவு நெருக்கமாக மோதிக்கொள்ளும் இடம் வேறு இல்லை.

அத்தகைய கப்பலொன்றின் போஜன மண்டபத்தில் என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்லுகிறேன். இந்திய உணவு வகைகள் வைத்திருந்த மேஜைக்கு அருகில் ஒரு பெரிய குடும்பம் அமர்ந்திருந்தது. மறுநாள் சமையலைப் பற்றித் தலைமைப் பரிசாரகரிடம் பேசுவதற்காகத் தாய் எழுந்து சென்றிருந்தாள். ஏழெட்டு வயதுப் பையன் மற்றப் பிள்ளைகளின் தட்டிலிருந்த ரவா கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அத்தை தன் தட்டிலிருந்த கேசரியிலிருந்து முந்திரிப் பருப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்; அது முடிந்ததும், “முந்திரியெல்லாம் எடுத்துட்டேன் கண்ணு, ஒரு வாய் சாப்பிடு, கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்று ஸ்பூனை அவன் வாயருகே கொண்டுபோனாள். “அம்மா வரட்டும் அத்தை” என்று பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பி வந்த தாய், “வேணாம் அக்கா, நெய்யிலேயே முந்திரி இருக்கு” என்று ஸ்பூனைத் தடுத்தாள். அத்தையின் கண்கள் கலங்கிவிட்டன. அந்தக் குடும்பம் அன்று இரவு ஒருவரோடொருவர் பேசாமலே எழுந்து போயிற்று.

அந்த அத்தையின் அன்பில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. அவள் அத்தனை பொறுமையோடு பருப்பைப் பொறுக்கியதே அதற்குச் சாட்சி. ஆனால் அன்பு எவ்வளவு தூயதாயினும் அதன் கையிலிருந்த கேசரி முந்திரி கலந்த கேசரியே. முந்திரியை நெய்யில் வறுத்து, அதே நெய்யோடு ரவையில் கொட்டிக் கிளறிய பிறகு, பருப்பை மட்டும் எடுத்துவிட்டால் அதன் புரதம் போய்விடுவதில்லை. கடுமையான ஒவ்வாமை உடைய ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வாய் போதும்.

ஏன் போதும் என்பதை விளங்கிக்கொள்ளாதவரையில் ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சு ஓயாது. விஷம் என்றால் அதிகமாக உட்கொண்டால் அதிகத் தீங்கு, குறைவாக உட்கொண்டால் குறைந்த தீங்கு என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. ஒவ்வாமையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். ஆனால் முந்திரி விஷமன்று. 1960களின் பிற்பகுதியில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்களும் கண்டறிந்த ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள், ஒவ்வாமை உடையவரின் தேகத்தில் குறிப்பிட்ட ஓர் உணவுப் புரதத்துக்காகவே உருவாகி, சிலவகை உயிரணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் புரதம் சிறிதளவு வந்து தொட்டாலும் அந்த அணுக்கள் தம்முள் அடக்கி வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன. தொண்டை வீங்குவதும், மூச்சுக்குழல் சுருங்குவதும், ரத்த அழுத்தம் சரிவதும் அந்த ரசாயனங்களின் வேலை. கேடு செய்வது உள்ளே சென்ற உணவின் அளவன்று, தேகத்தின் பதில்தான்.

இந்த உண்மையை உலகம் முதன்முதலில் அறிந்துகொண்ட வரலாறு ஒரு கப்பலில்தான் தொடங்கியது. 1901-ம் ஆண்டு கோடையில் மொனாக்கோ தேசத்து மன்னர் முதலாம் ஆல்பர்ட், கடலாராய்ச்சியில் தமக்கிருந்த அபாரமான ஈடுபாட்டின் காரணமாக, ‘இரண்டாம் பிரின்செஸ் ஆலிஸ்’ என்ற தம் கப்பலில் சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளை அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அழைத்துச் சென்றார். தொட்டவர்களைத் துடிக்கவைக்கும் ஒருவகைக் கடலுயிரின் விஷத்தை ஆராய்வது அவர்கள் வேலை. கரைக்குத் திரும்பிய பின், கடற்சாமந்தியின் விஷத்தைக் கொண்டு நாய்களிடம் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். சிறிதளவு விஷம் கொடுத்துப் பழக்கினால் நாய்க்கு அதைத் தாங்கும் சக்தி உண்டாகும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. நம் பாட்டிமார் சொல்வதும் அதுதானே! நெப்டியூன் என்ற நாய் முதலில் கொடுத்த அளவைத் தாங்கிக்கொண்டு நல்ல சௌக்கியமாகவே இருந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து மறுபடியும் சிறிதளவு செலுத்தினார்கள். சில நிமிஷங்களில் அதற்கு மூச்சுத் திணறியது. நிற்க முடியாமல் சரிந்தது. அரை மணி நேரத்துக்குள் உயிர் நீத்தது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக விளைந்த அந்த மரணத்தை அவர்கள் 1902-ல் வெளியிட்டார்கள். இந்த ஆராய்ச்சிக்காகவே ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஊசி வழியே செலுத்துவதும் வாய் வழியே உண்பதும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் முதல் தடவை தாங்கிய தேகம் மறு தடவையும் தாங்கும் என்ற அனுமானம் அன்றே தகர்ந்துவிட்டது.

பழக்கினால் சரியாகும் என்போர் இக்காலத்து ஆராய்ச்சிகளையும் தமக்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. 2015-ல் லண்டனிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி, நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரையிலான, ஒவ்வாமை வரக்கூடிய சிசுக்களுக்கு, சோதித்துப் பார்த்த பின் வேர்க்கடலை உணவைக் கொடுத்து வந்தால், பிற்காலத்தில் அந்த ஒவ்வாமை வருவது பெரிதும் குறைகிறது என்று நிரூபித்தது. ஒவ்வாமை ஏற்கெனவே உள்ள பிள்ளைகளுக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து, வைத்தியரின் மேற்பார்வையில் கொடுக்கும் சிகிச்சைக்கு 2020-ல் அமெரிக்க அரசு அனுமதியும் அளித்தது. முன்னது வியாதி வராமல் தடுப்பது. பின்னது மாதக்கணக்கில் நடைபெறும் வைத்தியம், அதிலும் பிள்ளைகளுக்கு ஆபத்து நேர்வதுண்டு. இவ்விரண்டையும் காட்டி, கப்பல் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஸ்பூன் கேசரியை நியாயப்படுத்த முடியாது.

‘போன தடவை சாப்பிட்டானே, ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அடுத்த வாதம். ஒரே மனிதருக்கு, ஒரே உணவை, எந்த அளவில் தாங்க முடியும் என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. தூக்கம் கெட்டிருந்தாலும், உடற்பயிற்சி செய்திருந்தாலும் வேர்க்கடலையைத் தாங்கும் அளவு குறைந்துவிடுகிறது என்று பரிசோதித்தே கண்டிருக்கிறார்கள். ஜுரமும், மதுவும், சில வலிநிவாரண மாத்திரைகளும் அவ்வாறே செய்யக்கூடியவை. கப்பலில் ஒரு பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது என்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் நீச்சல் குளத்தில் விளையாட்டு, இரவில் நாடகமும் நாட்டியமும் முடிந்து நள்ளிரவில் உறக்கம். வீட்டில் பொறுத்த அளவை அந்தத் தேகம் கப்பலில் பொறுக்காமல் போவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

கொஞ்சம் என்பது கண்ணுக்குத் தெரிந்து வருவதுமில்லை. பஃபே மேஜையில் வேர்க்கடலைச் சட்னியில் கிடந்த கரண்டியைப் பக்கத்துத் தேங்காய்ச் சட்னியில் போட்டுவிட்டு ஒருவர் நகர்ந்துவிடுகிறார். இறால் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரிகிறது. பனீர் மசாலாவின் கெட்டியான குழம்புக்கு முந்திரி விழுது சேர்ப்பது ஹோட்டல் சமையலில் வழக்கம். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இராது. நாம் ஆரோக்கியமென்று நம்பி வாங்கும் செக்கு எண்ணெயிலோ அது உண்டு. பினாங்கில் இறங்கினால், காய்கறி என்று கொடுக்கும் சம்பலுக்குள் பெலாச்சான் என்ற இறால் விழுது ஒளிந்திருக்கும். மண்டப வாசலில் சிப்பந்தி எல்லோர் கையிலும் சானிடைசர் தெளிக்கிறாரே, அது போதாதா என்றால், போதாது. அது கிருமிக்குத் தெளிப்பது. கையில் ஒட்டிய வேர்க்கடலைப் புரதத்தை அது அகற்றுவதில்லை என்று 2004-லேயே சோதித்து அறிந்திருக்கிறார்கள். அதற்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஆகையால் தாய்மார் பஃபேயை விட்டு, முதல் நாள் மாலையே தலைமைப் பரிசாரகரைக் கண்டு, மறுநாள் உணவைத் தனியே சமைக்கச் சொல்லி ஏற்பாடு செய்கிறார்கள். பல கப்பல்களில் இந்த ஏற்பாடு மிகுந்த சிரத்தையோடு நிறைவேற்றப்படுகிறது. சமையலறையில் தனிப் பாத்திரம், தனிக் கத்தி கொண்டு செய்த அத்தனை ஜாக்கிரதையையும் மேஜையில் அமர்ந்த உறவினர் ஒருவர் ஒரு கணத்தில் வீணாக்கிவிடுகிறார் என்பதே என் ஆற்றாமை.

இனி, நடக்கக்கூடாதது நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். உணவு ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களைப் பிரிட்டனில் தொகுத்து ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் பம்ஃப்ரி, உண்டதிலிருந்து மூச்சோ இருதயமோ நிற்பதற்கு ஆன நேரம் நடுத்தரமாக 30 நிமிஷம் என்று 2000-ம் ஆண்டில் எழுதினார். நடுக்கடலில் ஹெலிகாப்டருக்குச் சொல்லியனுப்பி அது வந்து சேர எத்தனை 30 நிமிஷம் வேண்டும்! தூரம் அதிகமானால், காற்று பலமானால், அது வராமலே போகலாம். கப்பலில் டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. ஆனால் தீவிர சிகிச்சைக்கான பெரிய ஆஸ்பத்திரி அங்கே இல்லை. 2016-ல் லண்டனிலிருந்து நீஸ் நகருக்கு ஆகாய விமானத்தில் சென்ற 15 வயதுச் சிறுமி ஒருத்தி, விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவுக்குள் எள் கலந்திருந்தது அறியாமல் உண்டாள். இரண்டு அட்ரினலின் ஊசிகள் போட்டும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. கடைகளில் கட்டி விற்கும் உணவில் சேர்மானங்களை எல்லாம் எழுத வேண்டும் என்ற சட்டம் அவள் பெயராலேயே 2021 அக்டோபரில் பிரிட்டனில் அமலுக்கு வந்தது. அந்த ரொட்டியில் இருந்ததும் கொஞ்சம் எள்தான்.

இந்த நம்பிக்கையின் இன்னொரு கிளை, ‘அப்படியே ஏதாவது ஆனாலும் ஒரு அவில் மாத்திரை போட்டால் போதும்’ என்பது. அவிலும் செட்ரிசினும் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். மூச்சுத் திணறலையும் ரத்த அழுத்தம் சரிவதையும் அவை தடுத்து நிறுத்தமாட்டா. அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றே. அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமின்றி, போட வேண்டும். தேறாவிட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிஷத்தில் இரண்டாவது ஊசி போட வேண்டும். இந்தியாவில் பேனா போன்ற ஊசி எளிதில் கிடைப்பதில்லையாதலால், பிரயாணத்துக்குப் பல வாரம் முன்பே டாக்டரைக் கண்டு ஏற்பாடு செய்துகொள்வது அவசியம். கப்பலேறும் நாளில் அதைப் பெட்டிக்குள் வைத்துச் சாமான்களோடு அனுப்பிவிடுவது பெரும் பிசகு. பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் பிள்ளை மதியச் சாப்பாட்டை உண்டிருப்பான். ஆபத்து நேர்ந்தால், கீழ்த்தளத்திலுள்ள மருத்துவ நிலையத்துக்கு அவனைத் தாழ்வாரம் தாழ்வாரமாக நடத்திச் செல்லவும் கூடாது. படுத்திருப்பவரைச் சட்டென்று நிமிர்த்தியதால் இருதயம் நின்ற சம்பவங்கள் உண்டு. ஊசியைப் போட்டு, கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, மூச்சு முட்டினால் மட்டும் உட்காரவைத்து, டெலிபோனில் டாக்டரை அங்கேயே அழைக்க வேண்டும்.

ஆகையால் ஒவ்வாமை உடைய பிள்ளையோடு கப்பலேறும் மாமாவுக்கும் அத்தைக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் என் வேண்டுகோள் இது. அந்தப் பிள்ளைக்கு நீங்களாக எதையும் ஊட்டாதீர்கள். அவன் ‘வேண்டாம்’ என்றால் அதை மரியாதைக் குறைவாகக் கொள்ளாதீர்கள். உங்கள் அன்புக்கு வேறு வேலை இருக்கிறது. கப்பல் துறைமுகத்தை விட்டு நகருமுன் அவன் தாயிடம் போய், ஊசி எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போட வேண்டும், மருத்துவ நிலையத்தின் டெலிபோன் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.