ஆயுள் வரி கட்டிய வண்டிக்கு ஸ்பேர் எங்கே?

மறைமலைநகரில் ஓய்ந்து கிடக்கும் ஃபோர்டு ஆலைக்கு மறுபடி உயிர் வரப்போகிறது. 2025 அக்டோபர் 31 அன்று தமிழக அரசுடன் அந்த நிறுவனம் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் அங்கே என்ஜின் தயாரிப்பார்கள். ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின், 600 பேருக்கு மேல் வேலை. மாநிலத்துக்கு நல்ல செய்திதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒப்பந்தம் என்ஜினுக்கானது, காருக்கானது அல்ல. அப்படியானால் ஏற்கெனவே பணம் கட்டி ஃபிகோவோ ஈகோஸ்போர்ட்டோ எண்டெவரோ வாங்கியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஆலை, முதலீடு, வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றையும் பேசுகிற நாம் இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை. ஒரு கார் கம்பெனி நாட்டைவிட்டுப் போகும்போது, தான் விற்ற வண்டிகளுக்கு வேண்டிய உதிரி பாகம், பழுதுபார்க்கும் கருவி, மென்பொருள் ஆகியவற்றுக்குச் சட்டப்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். பத்திரிகை அறிக்கையில் கொடுக்கும் வாக்குறுதி இதற்குப் போதாது.

இது ஏதோ சென்னை, கோவை வசதிக்காரர்களின் கவலை என்று தோன்றலாம். உண்மையில் இதன் சுமை வந்து இறங்குவது திருவண்ணாமலை போன்ற ஊர்களில்தான். இங்கே வாடகை வண்டித் தொழிலைத் தாங்குவது பௌர்ணமியும் கார்த்திகை தீபமும், ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் சவாரியும். இந்தத் தொழிலுக்கு ஷோரூமில் புது வண்டி எடுக்க எல்லோராலும் முடிவதில்லை, செகண்ட் ஹேண்டைத் தேடுகிறார்கள். ஒரு கம்பெனி மூட்டை கட்டுகிறது என்ற செய்தி வந்ததும் அந்த பிராண்டின் மறுவிற்பனை விலை சரியும். நகரத்து முதல் உரிமையாளர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். பத்து பேரை ஏற்றும் செவர்லே டவேரா அப்படி மலிவாகக் கிடைத்தால் கிரிவலச் சவாரி ஓட்டுகிறவர் விடுவாரா? டி போர்டு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும். ஹெட்லைட் அசெம்பிளி கிடைக்காமல் எஃப்.சி. தள்ளிப்போனால் தீபத்தன்று வண்டி வீட்டில் நிற்கும். நின்ற வண்டிக்கும் அந்த மாத டியூ உண்டு.

அமெரிக்க கார் கம்பெனிகள் இந்தியாவைவிட்டுப் போவது புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் அசெம்பிளி ஆலை வைத்தது. ஃபோர்டும் அதே காலத்தில் இங்கே வண்டிகளைப் பூட்டி விற்றது. பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றால் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும் என்று 1953-ல் அரசு கறாராகச் சொன்னதும், 1954-க்குள் இரண்டும் நடையைக் கட்டின. தாராளமயத்துக்குப் பிறகு இரண்டும் திரும்பி வந்தன. ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கைகோத்து வந்து எஸ்கார்ட்டையும், 1999-ல் மறைமலைநகரிலிருந்து ஐகானையும் இறக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் குஜராத்தின் ஹலோலில் ஓப்பல் ஆஸ்ட்ராவுடன் தொடங்கி, 2003-ல் செவர்லே பெயரைக் கொண்டுவந்து, 2006-ல் ஓப்பலைக் கைவிட்டது. ஓப்பல் கோர்சா வாங்கியவர்கள்தான் இந்த இரண்டாம் சுற்றில் முதலில் அநாதையானவர்கள். 2017 மே மாதம் செவர்லேவுக்கும் அதே அறிவிப்பு வந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அது கணக்குக் காட்டியது. நஷ்டப்படும் கம்பெனி போகக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் கேள்வி.

மற்றவை எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்ததைக் கவனியுங்கள். ஹலோல் ஆலை எம்.ஜி. மோட்டார் கைக்குப் போனது. ஜெனரல் மோட்டார்ஸின் தலேகாவ் ஆலையை ஹூண்டாய் வாங்கியது. ஃபோர்டின் சானந்த் ஆலையை டாடா சுமார் 726 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. மறைமலைநகர்த் தொழிலாளர்கள் 2022-ல் போராடித் தங்கள் இழப்பீட்டைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது முழுவதும் கிடைத்ததா என்பது வேறு கதை, ஆனால் கேட்பதற்கு ஒரு சங்கம் இருந்தது. டீலர்களுக்கும் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. ஃபோர்டின் வெளியேற்றத்தால் 170 டீலர்களும் அவர்கள் போட்ட சுமார் 2,000 கோடி ரூபாயும் பாதிக்கப்படுவதாகச் சொல்லி, தனிச் சட்டமே வேண்டும் என்று அது அரசிடம் முறையிட்டது. கட்டடத்துக்கு வாங்க ஆள் வந்தது, முதலுக்குப் பேச ஆள் இருந்தது. வண்டிச் சாவியைக் கையில் வைத்திருப்பவர் சார்பில் மேசையில் உட்கார ஆளில்லை.

நம் மெக்கானிக்குகள் எதையும் ஓடவைத்துவிடுவார்கள், இதற்கெல்லாம் சட்டம் எதற்கு என்பது முதலில் வரும் மறுப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது, இன்னும் ஓடுகிறது. டவேராவும் ஏறக்குறைய அந்த ரகம்தான். பாடியை சேஸிஸ் மேல் வைத்துப் பூட்டிய எளிய வண்டி அது. புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடியும் லேத்தில் கடைந்தும் காலம் தள்ளலாம். ஆனால் கடைசியாக விற்ற வண்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். அதில் டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலில் நனைந்தபடியே சுற்றும். சொன்ன கிரேடு ஆயிலை விட்டுவிட்டுக் கையில் கிடைத்ததை ஊற்றிக்கொண்டே வந்தால் பெல்ட்டின் ரப்பர் துகள் துகளாக உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், ஆயில் அழுத்தம் இறங்கும், கடைசியில் என்ஜின் சீஸ் ஆகும். பெல்ட்டை மாற்றுவதற்குக் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் தனிக் கருவி வேண்டும். ஏர்பேக் மாட்யூலையோ ஏ.பி.எஸ். மாட்யூலையோ மாற்றினால், வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஏற்கும்படி மென்பொருள் வழியாக அறிமுகம் செய்ய வேண்டும். கைத்திறமையில் நம் ஆட்களுக்குக் குறையில்லை. பூட்டியிருக்கும் கதவைத் திறக்கும் குறியீடு அவர்களிடம் இல்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் இரண்டு பிராண்டுகளே காட்டிவிட்டன. ஸ்டூட்பேக்கர் 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையை மூடியது. கனடாவின் ஹாமில்டன் ஆலையில் 1966 மார்ச்சில் கடைசிக் கார் வெளிவந்தது. ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கேயே பூட்டி விற்ற கார் அது. கம்பெனி போனது, ஆனால் உதிரி பாகக் கையிருப்பு தனியார் வணிகர்களிடம் முறையாகப் போய்ச் சேர்ந்தது, ஆவணங்கள் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன, 1962-ல் தொடங்கிய உரிமையாளர் சங்கம் இன்றும் இயங்குகிறது. அறுபது ஆண்டு கழித்தும் அந்த வண்டிக்குப் பாகம் கிடைக்கிறது. இன்னொன்று ஃபிஸ்கர். ஓஷன் என்ற மின்சாரக் காரைச் சுமார் 11,000 எண்ணிக்கையில் தயாரித்துவிட்டு 2024 ஜூனில் திவாலானது. வாங்கி ஓராண்டுகூட ஆகாதவர்கள் பாகத்துக்கும் மென்பொருள் அப்டேட்டுக்கும் அலைந்தார்கள், தாங்களே சங்கம் அமைத்துத் தேட வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த சுமார் 3,300 கார்களை மொத்தமாக வாங்கிய நியூயார்க் வாடகை வண்டி நிறுவனம், அவற்றின் தகவல்களை ஃபிஸ்கர் சர்வரிலிருந்து தன் சர்வருக்கு மாற்ற முடியாமல் நீதிமன்றம் ஏறியது. அறுபது வயது வண்டி ஓடுகிறது, ஒரு வயது வண்டி தடுமாறுகிறது. கைமாற்ற வேண்டியதைக் கைமாற்றினார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது இது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கும் நேரத்தில், இந்தப் பாடத்தை அமெரிக்கச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்படிக் கெடுபிடி செய்தால் முதலீட்டாளர் ஆந்திராவுக்கோ குஜராத்துக்கோ போய்விடுவார் என்பார்கள். மாநிலங்கள் போட்டி போட்டுச் சலுகை தரும் காலத்தில் இதை லேசாகத் தள்ள முடியாதுதான். அதனால்தான் இந்தக் கடமை மத்தியச் சட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறேன், எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி. அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவும் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும், ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டியில் தயாரிப்புக் குறை இருந்தால் கம்பெனியே திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வேண்டும் என்கின்றன. விற்ற பிறகும் கடமை உண்டு என்று சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. அது எவ்வளவு அவசியம் என்பதற்கு டவேராவே சாட்சி. மாசு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று 2013 ஜூலையில் 1.14 லட்சம் டவேராக்களை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைக்க நேர்ந்தது. அந்தக் குறை 2013-ல் வெளிவராமல் 2018-ல் வெளிவந்திருந்தால் எந்த ஷோரூமுக்கு அழைத்திருப்பார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் வாஷிங் மெஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஏழு முதல் பத்து ஆண்டு வரை உதிரி பாகம் தரச் சொல்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கிற உத்தரவாதத்தைப் பத்து லட்சம் ரூபாய் காருக்குக் கேட்டால் முதலீடு ஓடிவிடுமா? நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுநீக்கும் உரிமை இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது, ஆனால் அது தகவல் தருமே தவிர யாரையும் கட்டாயப்படுத்தாது.

எத்தனை ஆண்டு என்பதற்கு அரசே அளவுகோல் வைத்திருக்கிறது. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். ஆயுட்கால வரியைத் தமிழக அரசு முதல் நாளிலேயே வாங்கிவிடுகிறது. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 10 முதல் 20 லட்சம் ரூபாய் காருக்கு 18 சதவீதம். வண்டி 15 ஆண்டு ஓடும் என்று கணக்குப் போட்டு வரி வாங்கும் அரசு, அது 15 ஆண்டு ஓடுவதற்கு வேண்டிய பாகம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து 15 ஆண்டு என்பதே சரியான கெடு. போகிற கம்பெனி அதுவரைக்கும் ஒரு வைப்புத்தொகையைப் பிணையாக வைக்க வேண்டும். பழுதறியும் மென்பொருளையும் பாகங்களின் வரைபடங்களையும் உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள், தனி ஒர்க்ஷாப்புகள் பயன்படுத்தும்படி ஒப்படைக்க வேண்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சர்வீஸ் தொடரும் என்று சொல்லித்தான் போயின, அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை எத்தனை ஆண்டு, எந்தெந்த ஊரில், என்ன விலையில் காப்பாற்றுவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

பிராண்ட் போய்விட்டது என்று தெரிந்தே மலிவாக வாங்கினார், அப்புறம் என்ன புலம்பல் என்று கேட்பவர்களும் உண்டு. முதல் உரிமையாளருக்கு அது தெரியாது, கடைசி மாதம் வரை ஷோரூமில் விற்பனை நடந்தது. தெரிந்தே வாங்கிய இரண்டாமவர் குறைந்த விலையால் லாபம் பார்த்தார் என்பதும் மேலோட்டமான கணக்கு. மிச்சம் பிடித்த பணம் ஒரு கியர்பாக்ஸ் பழுதில் போய்விடும். இதைவிட முக்கியம், ஏர்பேக்கும் பிரேக்கும் சரியாக இல்லாத வண்டி செங்கம் சாலையில் ஓடினால் ஆபத்து வாங்கியவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மறைமலைநகர் என்ஜின் ஆலை 2029-ல்தான் தொடங்கும், நடுவே சலுகைகள் குறித்த அரசாணைகள் இன்னும் பல வரும். இந்தியாவில் விற்ற ஃபோர்டு கார்களின் ஆர்.சி. காலம் முடியும் வரை பாகமும், மாவட்டத்துக்கு ஓர் ஒர்க்ஷாப்புக்காவது பழுதறியும் மென்பொருளும் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைத் தமிழக அரசு அவற்றில் சேர்க்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களும் சும்மா இருக்கக் கூடாது. பாகம் கேட்டு மறுக்கப்பட்டால் அதை எழுத்தில் வாங்குங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டி போர்டு உரிமையாளரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.