ஏடு அவருடையது, திறவுகோல் யாரிடம்?



நடுகல்லைப் பற்றி நாம் வகுப்பறையில் படிக்கிறோம். போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் எடுத்து, அதில் அவன் பெயரையும் புகழையும் பொறித்து, ஊர் கூடி வாழ்த்திய முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்று விடுகிறோம். வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டிய மரபு நம்முடையது, மகிழ்ச்சி. ஆனால் வீழாமல் திரும்பி வந்தவனுக்கு நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது எந்த நூலும் அன்று. எங்கள் ஊர் முதியவர் ஒருவரின் தகரப் பெட்டி.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் பிறந்தவன். வேலந்தாவளத்தைத் தாண்டிக் காலடி வைத்தால் கோவை மாவட்டம். எங்களுக்கு வீட்டில் தமிழ். கடைவீதியில் தமிழும் மலையாளமும். அலுவலகப் படிவத்தில் மலையாளமும் ஆங்கிலமும். இந்த மூன்றுக்கும் நடுவே வாழப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் ஒருவரைப் 'பட்டாளத்துத் தாத்தா' என்று ஊரே அழைக்கும். 1971ஆம் ஆண்டுப் போரின்போது படையில் இருந்தவர். இன்று வயது எழுபத்தைந்தைக் கடந்தவர்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு நான் ஊர் போயிருந்தபோது, தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இரண்டு மாதமாக ஓய்வூதியம் வரவில்லை. பெட்டிக்குள் படையிலிருந்து விடுவித்த சான்று, ஓய்வூதிய ஆணை, மஞ்சள் பூத்த கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒரு தாள்கூடத் தொலையவில்லை. ஆனால் அந்தத் தாள்களில் எதுவும் அன்று உதவவில்லை.

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதாமே, கண்ணு. நீ படிச்ச பையன். கொஞ்சம் தொறந்து பாத்துச் சொல்லு" என்றார்.

திறந்து பார்க்க முயன்றேன். கடவுச்சொல் வேண்டும் என்றது திரை. அதை மாற்ற வேண்டுமானால், பதிவு செய்த கைப்பேசிக்கு ஒரு முறை மட்டும் செல்லும் எண் வரும் என்றது. பதிவு செய்த கைப்பேசியோ, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன பேரனுடையது. பேரன் அந்த எண்ணை விட்டு ஓராண்டு ஆகிவிட்டது. ஆகவே தாத்தாவின் ஏட்டைத் திறக்கும் சாவி, இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாத ஓர் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது! ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்றும் அந்தக் குழப்பத்தில் பதிவாகாமல் நின்றிருந்தது. பணம் நின்ற காரணம் அவ்வளவே. அந்தச் சிறிய காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாளும், நான்கு பேருந்துப் பயணமும் ஆயின.

கடைசியில் ஏடு திறந்தது. திரையில் இருந்தவை எல்லாம் ஆங்கிலம். தாத்தா தம் பெயரைத் தேடவில்லை, தொகையையும் கேட்கவில்லை. "இவ பேரு இருக்குதா?" என்று மனைவியைக் காட்டிக் கேட்டார். இருந்தது. ஆனால் ஏட்டில் ஒரு விதமாக, ஆதார் அட்டையில் வேறு விதமாக. ஒன்றில் பெயரோடு 'அம்மாள்' சேர்ந்திருந்தது, மற்றொன்றில் இல்லை. நமக்கு அவர் ஒரே பாட்டி. பொறிக்கோ அவர் இரண்டு பெண்கள்.

தோழர்களே, இதைச் சிறு பிழை என்று தள்ளிவிடாதீர்கள். படைவீரர் மறைந்தால் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு வரவேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது, அவரே விண்ணப்பித்து, அவரே கையெழுத்திட்டு இந்தப் பிழையைத் திருத்துவது எளிது. அவர் போன பின், துயரத்தில் மூழ்கிய ஒரு மூதாட்டி, 'நான் நான்தான்' என்று அலுவலகம் அலுவலகமாகச் சென்று மெய்ப்பிக்க வேண்டியதாகிவிடும். ஓர் எழுத்து ஒரு முதுமையையே அலைக்கழிக்கும்.

இப்பிழைகள் எங்கிருந்து வருகின்றன? நம் பெயர் வழக்கத்திலிருந்தே பாதி வருகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. படையில் சேர்ந்தபோது எழுத்தர் ஒருவர் அந்த முதலெழுத்தை விரித்து எழுதியிருப்பார். வேறொருவர் அதை விட்டிருப்பார். 'சாமி' என்பதை ஆங்கிலத்தில் எழுத இரண்டு மூன்று வழிகள் உண்டு. நம் 'ழ'கரம் படும் பாடோ சொல்லி மாளாது. ஐம்பதாண்டுகளுக்கு முன் மையால் எழுதிய பெயரையும், சில ஆண்டுகளுக்கு முன் ஆதாருக்குச் சொன்ன பெயரையும் பொறி ஒட்டிப் பார்க்கிறது. ஒட்டாவிட்டால் ஒதுக்கிவிடுகிறது.

ஏட்டின் பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவர் என்றால் அவருடைய பணிப் பதிவுகள் நீலகிரியின் வெல்லிங்டனில். ஓய்வூதிய ஆணை பிறப்பது அலகாபாத்தில். 2018இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறிய நகர் அது. பணம் வருவது உள்ளூர் வங்கிக்கு. மனிதர் இருப்பதோ எல்லைப்புறச் சிற்றூரில். முன்பு வங்கியும் கருவூலமும் தம் பங்குக்கு ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு வழங்கி வந்தன. 2021ஆம் ஆண்டு முதல் 'ஸ்பர்ஷ்' என்னும் ஒரே இணைய அமைப்பின் கீழ் இந்தப் பணி படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. நாடு முழுதும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களுக்கான அமைப்பு அது. தம் ஓய்வூதிய ஆணையையும், மாதந்தோறும் வந்த தொகையின் விவரத்தையும், குடும்பத்தார் பெயரையும் வீரரே பார்க்கலாம். குறையிருந்தால் அங்கேயே எழுதலாம். நோக்கம் நல்லது. இதை நான் மறுக்கவில்லை.

தாளுக்கே திரும்பிப் போவோம் என்றும் நான் சொல்லவில்லை. 1973ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் இருந்த படைப் பதிவகத்தில் தீப்பற்றியது. ஒரு கோடியே 60 லட்சம் முதல் ஒரு கோடியே 80 லட்சம் வரையிலான வீரர்களின் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு மறுபடி இல்லை. அத்தனை தூரம் போவானேன்? 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனை வீடுகளின் ஆவணங்கள் சேறாகிப் போயின என்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். தகரப் பெட்டி வெள்ளத்தைத் தாங்காது. ஏடு இணையத்தில் இருப்பது நல்லதே.

ஆனால், ஏட்டை இணையத்தில் ஏற்றுவது வேறு. உரியவர் கையில் கொடுப்பது வேறு. 'ஸ்பர்ஷ்' என்றால் தொடுதல் என்று பொருள். தொடுவதற்குக் கை எட்ட வேண்டாமா?

எங்கள் சமவெளியிலாவது பேருந்து உண்டு. கைப்பேசிக் கோபுரம் உண்டு. இடுக்கி எல்லையில் இருக்கும் நம் மக்களை எண்ணிப் பாருங்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். மறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம்மோடு படிக்கும் தோழர் ஒருவரிடம் தாத்தாவின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்காவது எண் வேறொருவருக்குப் போயிற்று, எங்கள் பக்கம் பல இடங்களில் எண் வரவே வராது" என்றார். மிகையன்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் நிலம் சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைப் பறிகொடுத்தோம். தொலைத்தொடர்பு இல்லாமையால் அந்தச் செய்தி வெளியுலகுக்கு எட்டவே மறுநாள் காலையாயிற்று. பேரிடர்ச் செய்தியே இறங்கி வர முடியாத மலையில், சில நிமிடங்களில் காலாவதியாகும் எண் எப்படி ஏறிப் போகும்?

"பூட்டு இல்லாவிட்டால் திருடன் புகுந்துவிடுவானே" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஓய்வூதியர்களைக் கைப்பேசியில் அழைத்து ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. பூட்டு வேண்டும். ஆனால் உரியவரே திறக்க முடியாத பூட்டு என்ன செய்கிறது தெரியுமா? அது அவரை இடைத்தரகரிடம் துரத்துகிறது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி யாரிடமோ கொடுத்துவிட்டு, அவர் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்கும் முதியவர்களை நான் பார்த்தேன். கடினமான பூட்டு பாதுகாப்பு ஆகாது. உரியவருக்கு விளங்கும் பூட்டே பாதுகாப்பு.

என்ன செய்யலாம்? மூன்று வேண்டுகோள்களை அரசின் முன் வைக்கிறேன்.

ஒன்று, மொழி. ஏடு தமிழிலும் திறக்க வேண்டும். இது சலுகை கேட்பதன்று. எந்தக் குடிமகனும் ஒன்றிய அரசின் எந்த அலுவலருக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் விண்ணப்பம் எழுதலாம் என்று அரசமைப்பின் 350ஆம் பிரிவு கூறுகிறது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், மறுமொழியும் அம்மொழியிலேயே தரவேண்டும் என்கிறது. கடிதத்துக்குப் பொருந்தும் நீதி திரைக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டு, எட்டும் இடம். வாழ்நாள் சான்றை இணையவழியில் தரும் 'ஜீவன் பிரமாண்' 2014இல் வந்தது. 2020 முதல் அஞ்சல்காரரே வீட்டு வாயிலுக்கு வந்து அதைப் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. 2021இல் முகம் காட்டிப் பதிவு செய்யும் வழியும் வந்தது. இவ்வளவு இருந்தும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. சைனிக நலத்துறையினர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் வட்டவடையிலும் வந்து அமர்ந்து, கைப்பேசி எண்ணையும் பெயரையும் அங்கேயே சரிபார்த்துத் தரவேண்டும். கேரளம் முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. நாம் பெருமைப்படுவோம். அந்தப் பெருமை பட்டாளத்துத் தாத்தாவின் தெருவரை நடந்து வரட்டும்.

மூன்று, படி. அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் தம் உடல்நலப் பதிவுகளை ஒரே பொத்தானை அழுத்தி முழுதாக இறக்கிக்கொள்ள 2010இல் வழி செய்தார்கள். அதற்கு 'நீலப் பொத்தான்' என்றே பெயர். இங்கும் வீரர் தம் முழு ஏட்டையும், குடும்பத்தார் பெயர்ப் பகுதியோடு, ஒரே முறையில் அச்சிட்டு எடுத்துச் செல்லும் எளிமை வேண்டும். பெட்டியில் ஒரு படி, இணையத்தில் ஒரு படி. ஒன்று போனால் மற்றொன்று.

அரசைக் கேட்டாயிற்று. இனி நம்மை நாமே கேட்போம். தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குகிறோம். தமிழ் பேசும் ஒரு கிழவருக்கு ஆங்கிலத் திரை ஒன்றைப் படித்துச் சொல்ல நமக்கு நேரம் உண்டா? படைச்செருக்கைப் பற்றி வள்ளுவர் வகுத்த அதிகாரத்தை ஒப்புவிப்பதில் நாம் வல்லவர்கள். அந்தச் செருக்கோடு நின்றவர் இன்று ஒரு கடவுச்சொல்லின் முன் தலைகுனிந்து நிற்கிறார்.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு யோசனை. விடுமுறைக்கு ஊர் செல்லும் எல்லைப்புற மாணவர் ஒவ்வொருவரும், தம் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமரட்டும். முன்னாள் வீரர்களையும் அவர்கள் துணைவியரையும் அழைக்கட்டும். நான்கு விதிகளை மட்டும் நாம் கைக்கொள்வோம். கைப்பேசியை உரியவரே பிடிக்கட்டும். நாம் அருகிலிருந்து சொல்வோம். கடவுச்சொல்லை நம் குறிப்பேட்டில் எழுத மாட்டோம். காசு வாங்க மாட்டோம். மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்காமல் எழுந்திருக்க மாட்டோம். பிழை கண்டால் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதித் தருவோம். வேண்டுமானால் ஆங்கிலப் படி ஒன்றும் இணைப்போம்.

பட்டாளத்துத் தாத்தாவுக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது. கைப்பேசி எண் மாறிவிட்டது. பாட்டியின் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. விடை இன்னும் வரவில்லை. ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்பது ஒன்றே: "அவ பேரு சரியாச்சா, கண்ணு?"

சரியாயிற்று என்று அவர் காது கேட்கச் சொல்ல வேண்டும். அவர் இருக்கும்போதே சொல்ல வேண்டும். எனக்கு இருக்கும் ஆசை அவ்வளவே. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கும். இந்த விடுமுறையில் அதைத் தேடிப் போங்கள்.