இருட்டிலே வளர்ந்த முளை

சோழவந்தான் பக்கத்து ஊர்களில் அம்மன் திருவிழா என்றால் முளைப்பாரி உண்டு. மண்ணும் எருவும் நிரப்பிய ஓட்டில் பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். சுமார் ஒரு வாரத்தில் வெளிறிய மஞ்சளாக, நெட்டையாக வளர்ந்துவிடும்.

"ஏம்மா, இது மட்டும் பச்சையா இல்லே?" என்று உங்கள் குழந்தை கேட்டால், "சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். இரண்டு கொட்டாங்கச்சியில் மண் போட்டு, தட்டைப்பயறு ஊன்றச் சொல்லுங்கள். ஒன்று ஜன்னலோரம், மற்றது அலமாரிக்குள். இரண்டுமே முளைக்கும்! முளைப்பதற்கு வேண்டிய ஆகாரம் பயற்றின் இரு பருப்புகளிலேயே இருக்கிறது. ஈரமும் காற்றும் கிடைத்தால் போதும். ஆனால் பச்சை பிடிக்க வெளிச்சம் வேண்டும். அலமாரிச் செடி வெளிச்சத்துக்கு ஏங்கி நெட்டையாகும். பருப்பிலுள்ள சத்து தீர்ந்ததும் சாய்ந்துவிடும். அதற்குள் வெளியே எடுத்து வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

முளைத்ததா என்று குழந்தை தினமும் தோண்டிப் பார்க்கும். கோபிக்காதீர்கள். கண்ணாடி டம்ளருக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பயற்றைச் செருகிக் கொடுங்கள். முதலில் வேர் கீழே இறங்கும். பிறகுதான் தளிர் மேலே வரும். அதைப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்று கூப்பிடும்போது, அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.