குமரபுரத்தின் உறுதி எங்கே?

1996 பெப்ரவரி 11 அன்று கிளிவெட்டிக் குமரபுரத்தில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவரும் அவருள் அடங்குவர். இருபது ஆண்டுகள் கழிந்து, 2016 யூலையில், அநுராதபுரம் மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பெற்ற இராணுவத்தினர் அறுவரையும் விடுதலை செய்தது. அவர் அல்லரெனின், கொன்றவர் யாவர்? விடை கூறுதல் பொலிசாரின் கடனன்றோ?

அதே ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நிறைவேறிற்று. அஃது ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடப்பதோ? வழக்கேடு முழுவதும் தமிழில் அச்சாகி, மூதூர்ப் பகுதிப் பாடசாலை நூலகங்கள்தோறும் வைக்கப்படல் வேண்டும். கோயில் விளக்கு துயரை ஆற்றும். உண்மையை எழுதி வையாது.

காணிக்கு உறுதி கேட்கும் உழவன் தன் ஊர் வரலாற்றுக்கும் உறுதி கேட்கட்டும்! சட்டங் கற்றோர் அவனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும்!